கிழக்கே பார்த்துக் கத்திய ஆட்டுக்குட்டி

கேளுங்கள் கண்ணுகளா. ராஜாக்கள் தங்கள் பேரைக் கல்லில் வெட்டிக்கொள்ளத் தொடங்குவதற்கும் முந்தின காலம் அது.

செங்காட்டுச் சீமை என்று ஒரு சீமை இருந்தது. மழை அந்தப் பக்கம் வரும், எட்டிப் பார்க்கும், போய்விடும். நெல் விளையாது. பொன் கிடைக்காது. முள்ளும் உடைமரமும் மட்டும் தழைக்கும். ஆகையால் அந்த ஜனங்களுக்கு வெள்ளாடுதான் நெல், வெள்ளாடுதான் பொன், வெள்ளாடுதான் நாளைக்கு என்று எடுத்து வைக்கிற பண்டம்.

வீட்டுக்குப் பால் வேண்டிய மட்டும் கொல்லையில் வைத்துக்கொள்வார்கள். மிச்சத்தை வாரத்துக்கு விடுவார்கள். ஆடு ஒருவருடையது, மேய்ப்பது இன்னொருவர், ஈன்ற குட்டியில் ஆளுக்குப் பாதி. அதுதான் வாரம். ஆடு செத்துப்போனால் மேய்க்கிறவர் அதன் காதை அறுத்துக் கொண்டுவந்து காட்ட வேண்டும். ஒவ்வொரு வீட்டு ஆட்டுக்கும் காதில் தனித்தனி வெட்டு அடையாளம் இருந்தது. வாயால் பொய் சொல்லலாம், காது பொய் சொல்லுமா?

இன்னும் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டை யாரும் எண்ணக் கூடாது. எண்ணினால் கண்படும். வாரத்துக்கு விட்ட ஆட்டைப் பட்டிக்கே போய்ப் பார்க்கவும் கூடாது. பார்த்தாலும் கண்படும். அதனால் இந்தக் கதையைச் சொல்கிற நானும் யாரிடம் எத்தனை ஆடு இருந்தது என்று சொல்லப் போவதில்லை. எனக்கு எதற்கு அந்தப் பாவம்?

அந்தச் சீமையில் உடைமரத்தூர் என்று ஓர் ஊர். அங்கே பூவாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சடையன். இருவருக்கும் ஒரே மகள், மருதாயி. வருகிற தையில் மருதாயிக்குக் கல்யாணம் என்று பேச்சு முடிந்திருந்தது. மகளோடு ஆடு அனுப்ப வேண்டும். வருகிறவர்களுக்குச் சோறு போட வேண்டும். அதற்குப் பிறகு இவர்கள் இருவரும் கை கால் ஓய்ந்து உட்காருகிற காலம் ஒன்று வரும். எல்லாவற்றுக்கும் இருந்தது அந்த ஆடுகள்தான்.

பூவாயி அவற்றை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தாள். கொஞ்சம் கொல்லையில். கொஞ்சம் மேற்கு மலைக்காரரிடம். கொஞ்சம் ஏரிக்கரைக்காரரிடம். மலைக்காரர் முரட்டு மனுஷர். ஏரிக்கரைக்காரர் வாயே திறக்க மாட்டார். இருவரும் வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள். பங்குக் குட்டிகளை அவிழ்த்து விடுவார்கள். கூடவே ஒரு காதோ இரண்டு காதோ எடுத்து வாசலில் வைப்பார்கள். பூவாயி அந்தக் காதைக் கையில் எடுத்து, "போய் வா தாயி" என்று சொல்லி மண்ணில் புதைப்பாள். கும்பிடுவாள். அத்தோடு சரி.

அவளுக்கு ஒரே ஒரு குணம் ஊராருக்குப் பிடிக்காது. எதைப் பார்த்தாலும் ஏன் என்பாள், எங்கே என்பாள், எப்படி என்பாள். கோயில் பூசாரி மணி அடித்தால்கூட, "ஏஞ்சாமி, இன்னிக்கு மணி ஏன் மெல்லக் கேக்குது?" என்பாள். பூசாரி அவளைக் கண்டால் கருவறைக்குள் போய்விடுவார்.

இப்படி இருக்கையில் ஊருக்குள் ஒரு வண்டி வந்தது.

வெள்ளை மாடு பூட்டிய வண்டி. மாட்டுக் கொம்பில் பித்தளைப் பூண். வண்டியில் குணவீரன் என்பவன் இருந்தான். வெளுத்த வேட்டி, நெற்றி நிறைய நீறு, பேசினால் தேன். மேற்கே, மலைக்கும் அப்பால், தனக்குப் பெரிய பட்டி ஒன்று இருக்கிறது என்றான். பனி சொட்டுகிற புல் என்றான். அங்கே போன ஆடு வருஷம் முழுவதும் ஈனும் என்றான்.

"பெரியவங்களே, தாயாருங்களே! தாய் ஆட்டை நீங்களே வச்சுக்குங்க. பால் கறந்து குடிங்க. எனக்கு ஒரு குட்டி கொடுங்க, போதும். மூணாம் பௌர்ணமிக்கு ரெண்டு குட்டியாத் தரேன்."

ஊரார் முதலில் சிரித்தார்கள். பூவாயியின் பக்கத்து வீட்டுக்காரி அங்காயி மட்டும் ஒரு குட்டியைக் கொடுத்துப் பார்த்தாள். மூன்றாம் பௌர்ணமி வந்தது. வண்டியும் வந்தது. அங்காயிக்கு இரண்டு குட்டி கிடைத்தது. துள்ளுகிற குட்டி, பளபளக்கிற ரோமம், காதில் வெட்டு விழாத புதுக் குட்டி.

அவ்வளவுதான். மறுநாள் ஊரில் பாதிப் பேர் குட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி அருகில் நின்றார்கள். அடுத்த முறை முக்கால்வாசிப் பேர். அதற்கு அடுத்த முறை, பூவாயி வீட்டைத் தவிர எல்லாரும்.

"என்னக்கா, உங்க வீட்டுக் குட்டிங்க மட்டும் இன்னும் ஒண்ணு ஒண்ணாவே இருக்கே!" என்று அங்காயி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பாள். "எங்க வீட்டுல நிக்க இடமில்லே. ஒரு ரெண்டை உங்க கொல்லையில கட்டிக்கட்டுமா?"

சடையனுக்கு முகம் சுண்டிப்போகும்.

ஒரு பௌர்ணமியன்று குணவீரன் ஊர் நடுவில் வண்டி மேல் ஏறி நின்றான். "இத்தனை நாள் குட்டி கேட்டேன். இனிமே குட்டி வேண்டாம். தாய் ஆடுகளையே விடுங்க. எல்லாத்தையும் விடுங்க. ஒரு வருஷத்துல ஒண்ணுக்கு மூணாத் தரேன். வர்ற பௌர்ணமிதான் கடைசி. அப்புறம் என் பட்டியில இடம் இருக்காது" என்றான்.

ஊர் கிறுகிறுத்துப் போயிற்று.

சடையன் அன்று சோறு உண்ணவில்லை. "பூவாயி, கொல்லையில ஒரு கவலை, மலையில ஒரு கவலை, ஏரிக்கரையில ஒரு கவலை. எதுக்கு மூணு கவலை? எல்லாத்தையும் ஒரே கையில கொடுத்துட்டா ஒரே கவலை. மருதாயி கல்யாணத்தை ஊரே மூக்குல விரல் வைக்கிற மாதிரி செய்யலாம்" என்றான்.

"செய்யலாம் மாமா" என்றாள் பூவாயி. புருஷனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். "ரெண்டொரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கொடுக்கலாம்."

"ஆரம்பிச்சிட்டியா?"

விடிந்ததும் அவள் அம்மன் கோயிலுக்குப் போனாள். விளக்கு ஏற்றினாள். "தாயே, எனக்கும் ஆசை இருக்கு. இல்லேன்னு உங்கிட்ட பொய் சொல்ல முடியாது. ஆசையை நீ எடுக்க வேண்டாம். ஆசை வந்த பிறகும் கேள்வி கேக்குற புத்தியை மட்டும் எடுத்துடாதே" என்று வேண்டிக்கொண்டாள். நேரே குணவீரன் தங்கியிருந்த சத்திரத்துக்கு நடந்தாள். அங்கே ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் அவனைச் சுற்றி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, ஆடுங்க எங்கே மேயுது?" என்று கேட்டாள்.

"மேற்கே தாயே. மலைக்கு அப்பால."

"ஒரு தடவை வந்து பார்க்கலாமா?"

"அபச்சாரம்! கண்படுமே!" என்றான் குணவீரன். பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

"அப்போ எந்த ஆடு எங்களுக்குன்னு ஈனுது? ஆடு ஈன அஞ்சு மாசம் ஆகுமே. நீங்க மூணாம் பௌர்ணமிக்கே குட்டி தரீங்களே?"

"என் பட்டியில எந்த ஆடு ஈன்றாலும் எல்லாருக்கும் பொது தாயே. ஒண்ணு சினையா இருக்கும், ஒண்ணு ஈனும். கணக்குப் பார்க்கிற இடம் இல்லே அது, புண்ணிய பூமி." பெரியவர்கள் மறுபடி தலையாட்டினார்கள்.

பூவாயி மறுபடி கேட்டாள். "ஐயா, நீங்க இதுவரைக்கும் ஒரு காதுகூடக் கொண்டுவந்து காட்டலியே?"

குணவீரன் எழுந்து நின்றான். குரலை உயர்த்தினான். "ஏன்னா என் பட்டியில சாவே கிடையாது!"

பெரியவர்கள் கைதட்டினார்கள். "கேட்டியா பூவாயி? உங்க மலைக்காரன் வருஷா வருஷம் காதைக் கொண்டுவந்து போடுறான். அவனும் ஒரு மேய்ப்பனா?" என்று சிரித்தார்கள்.

அவள் கும்பிட்டு விட்டுத் திரும்பினாள். வழியெல்லாம் யோசித்தாள். ஓநாய் இருக்கிற மலை. பாம்பு இருக்கிற புல். கழிச்சல் நோய் வருகிற மழைக்காலம். அங்கே ஒரு ஆடுகூடச் சாகாதா? மனுஷரில் உண்டா அப்படி ஒரு வீடு? எல்லாரையும் சந்தோஷப்படுத்திய அந்தப் பதில் அவள் தொண்டையில் மட்டும் முள்ளாக நின்றது.

சடையன் யாரையும் கேட்கவில்லை. மலைக்கும் ஏரிக்கரைக்கும் ஆள் அனுப்பி எல்லா ஆடுகளையும் வரவழைத்து விட்டான். கொல்லை நிரம்பி வழிந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. பூவாயி தண்ணீர் வைத்தாள், தழை போட்டாள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில்தான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது.

அங்காயி வீட்டில் ஒரு குட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ஆசை காட்டுவதற்காகக் குணவீரன் முந்தாநாளே லாபமாகக் கொடுத்துவிட்ட செவலைக் குட்டி, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. தழை தின்னவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. வேலியில் முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரே பக்கமாகப் பார்த்துக் கத்தியது.

பூவாயி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்காயி, இது எங்கே பிறந்த குட்டி?"

"வேறெங்கே? மேற்கு மலையில."

"அப்போ இது ஏன் கிழக்கே பார்த்துக் கத்துது?"

அங்காயிக்கு எரிச்சல். "அதுக்குக் கிழக்கு மேற்கு யாரு அக்கா சொல்லிக் கொடுத்தா? ரெண்டு நாளாத் தூக்கமில்லே, காது கிழியுது. உனக்கு அவ்வளவு ஆசையா இருந்தா கொண்டு போய் நீயே கேளு. பொழுது சாயறதுக்குள்ளே திருப்பிக் கொண்டாந்துடு. கண்ணு மட்டும் வைக்காதே."

பூவாயி குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "மாமா, இன்னிக்கு ஒரு பொழுது என்கூட நடங்க. நாளைக்கு நீங்க சொன்னபடி செய்யறேன். மூச்சு விட மாட்டேன்" என்றாள்.

"எங்கே?"

"இது போற இடத்துக்கு."

சடையன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் நடந்தான். பூவாயி மூச்சு விடாமல் இருப்பது என்பது லேசில் கிடைக்கிற வரமா?

ஊர் எல்லையில் பாதை பிரிந்தது. குட்டியை இறக்கிவிட்டார்கள். அது முகர்ந்தது, கிழக்கே ஓடியது. வறண்ட ஓடையில் பாதை பிரிந்தது. இறக்கிவிட்டார்கள். கிழக்கே ஓடியது. ஆலமரத்தடியில் பாதை பிரிந்தது. இறக்கிவிட வேண்டியே இல்லை. அது பூவாயியின் தோளிலிருந்து துள்ளிக் குதித்துக் கத்தியது.

தூரத்தில் ஒரு ஆடு பதில் கத்தியது.

அது ஆவாரங்குளம் என்கிற ஊர். முதல் வீட்டு முளைக்குச்சியில் ஒரு செவலைப் பெட்டை கட்டிக் கிடந்தது. கயிற்றை இழுத்த இழுப்பில் முளை பிடுங்கிக்கொண்டு வந்தது. தாய் குட்டியின் முதுகை முகர்ந்தது, வாலை முகர்ந்தது. குட்டி முட்டி முட்டிப் பால் குடிக்க ஆரம்பித்தது. கத்தல் நின்றது.

கண்ணுகளா, வெள்ளாடு எல்லாவற்றையும் தின்னும், எங்கேயும் ஏறும். ஆனால் தன் குட்டியைத் தவிர இன்னொரு குட்டிக்கு மடி கொடுக்காது. உதைத்துத் தள்ளும். செங்காட்டுச் சீமையில் அது தெரியாதவர் இல்லை. சடையன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

வீட்டுக்காரி ஓடிவந்தாள். நாச்சி என்று பேர். "அடி ஆத்தே, இது என் குட்டி! குணவீரன்கிட்டே வளர்க்க விட்டேன். வழியில தப்பிச்சிருச்சா? நீங்க பிடிச்சுக் கொண்டாந்தீங்களா?"

"இல்லே தாயி" என்றாள் பூவாயி மெதுவாக. "எங்க ஊர்ல இதை லாபம்னு கொடுத்தான்."

நாச்சிக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. பிறகு அவள் தன் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே இரண்டு குட்டிகள் நின்றன. ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். "அப்போ எனக்கு லாபம்னு கொடுத்த இதுங்க?"

இரண்டும் மேற்கே பார்த்து, உடைமரத்தூர்ப் பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தன.

சடையன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "பூவாயி, மேற்கே பட்டியே இல்லே. இவங்க குட்டி நமக்கு லாபம். நம்ம குட்டி இவங்களுக்கு லாபம். நாளைக்குத் தாய் ஆடு எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டுப் போயிட்டான்னா..." மருதாயியின் முகம் அவன் கண்ணுக்குள் வந்துபோயிற்று.

மறுநாள் பௌர்ணமி. காலை வெயிலில் உடைமரத்தூர் மந்தைவெளியில் ஊர் ஆடுகள் அத்தனையும் வரிசையாக நின்றன. வண்டி நிறையப் புதுக் குட்டிகளோடு குணவீரன் வந்திருந்தான். முதலில் லாபம் கொடுக்க வேண்டும், பிறகு ஆடுகளை ஓட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் அவன் முறை.

அப்போது கிழக்குப் பாதையில் புழுதி எழுந்தது. முந்தின நாள் பூவாயி சொல்லிவிட்டு வந்தபடி ஆவாரங்குளத்து ஜனங்கள் தங்கள் தாய் ஆடுகளையும் லாபக் குட்டிகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். குணவீரன் முகம் மாறியது. ஆனால் வாய் மாறவில்லை. "அவங்களும் ஆடு விட வந்திருக்காங்க! பார்த்தீங்களா என் ராசியை!" என்றான்.

பூவாயி முன்னால் வந்தாள். ஊர்த் தலைவரைக் கும்பிட்டாள். "ஐயா, ஒரே ஒரு வேண்டுதல். வண்டியில இருக்கிற குட்டிங்களைக் கொஞ்சம் அவிழ்த்து விடணும்."

"கூடாது! இத்தனை பேர் கண்ணு ஒண்ணாப் பட்டா என்ன ஆகும்?" என்று குணவீரன் கத்தினான்.

"சரிதான்" என்றது கூட்டம்.

"அதுவும் நியாயம்தான்" என்றாள் பூவாயி. "அப்போ எல்லாரும் கண்ணை மூடிக்குவோம். நான் எண்ணச் சொல்லலே, பார்க்கவும் சொல்லலே. காதை மட்டும் திறந்து வைங்க."

ஊர்த் தலைவர் தாடியைச் சொறிந்தார். "மூடின கண்ணு எப்படிப்பா படும்?" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "மூடுங்கடா எல்லாரும்! அங்காயி, விரலிடுக்குல பார்க்காதே."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். சடையன் தடவிக்கொண்டே போய் வண்டியின் தட்டியைத் திறந்தான்.

முதலில் ஒரே கூச்சல். அத்தனை குட்டியும் கத்துகிறது, அத்தனை தாயும் கத்துகிறது. குளம்புச் சத்தம் இங்கேயும் அங்கேயும் ஓடுகிறது. பிறகு, பிள்ளைகளா, ஒரு கத்தல் நின்றது. இன்னொன்று நின்றது. ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றாக, தாலாட்டுக் கேட்ட பிள்ளை அடங்குவது போல அடங்கியது. மந்தை முழுவதும் அமைதி. மடியில் பால் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஓரிரு குட்டிகள் மட்டும் இன்னும் கத்திக்கொண்டிருந்தன. அவற்றின் தாய் வேறு ஏதோ ஊரில் கட்டிக் கிடந்தது.

சொல்லாமலே எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள்.

மலையில் பிறந்ததாகச் சொன்ன குட்டிகள் ஆவாரங்குளத்து ஆடுகளின் மடியில் கிடந்தன. நாச்சி கூட்டிவந்த கறுப்புக் குட்டி, அங்காயி வரிசையில் கட்டியிருந்த ஆட்டின் மடியில் கிடந்தது. அங்காயி கடைசியாகக் கொடுத்துவிட்டு, பட்டியில் வளர்கிறது என்று நம்பியிருந்த குட்டி அது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குணவீரன் ஓடவில்லை. வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஆட்கள் கம்பை ஓங்கினார்கள். பூவாயி குறுக்கே நின்றாள். "அடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன். ஏன்யா இப்படிச் செஞ்சே?"

அவன் பேசினான். தேன் இல்லாத குரல். "முதல்ல நெசமாவே மேய்ச்சேன் தாயே. ஒரு மழைக்காலத்துல நோய் வந்துச்சு. பாதி ஆடு போச்சு. அத்தனை காதையும் எடுத்துக்கிட்டு வந்து எப்படி வாசல்ல வைக்கிறதுன்னு கூச்சமா இருந்துச்சு. ஒருத்தர் குட்டியை எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுத்தேன். அப்புறம் அவருக்குக் கொடுக்க வேறொருத்தர்கிட்டே வாங்கினேன். நிறுத்தவே முடியலே. தாய் ஆடுங்களை வாங்கிக்கிட்டு இந்தச் சீமையை விட்டே போயிடலாம்னு நினைச்சேன்."

கம்புகள் மெல்லக் கீழே இறங்கின. வண்டியையும் மாட்டையும் பித்தளைப் பூணையும் ஊர் எடுத்துக்கொண்டது, குட்டி இழந்தவர்களுக்குப் பங்கு போட. பங்கு போட்டும் எல்லாருக்கும் எட்டவில்லை. போன குட்டிகள் பல போனவைதான். ஆனால் தாய் ஆடுகள் நின்றன. குணவீரன் கால்நடையாகப் போனான். எந்தப் பக்கம் போனான் என்று யாரும் கேட்கவில்லை, பூவாயிகூடக் கேட்கவில்லை.

மந்தை கலைந்தபோது சடையன் மட்டும் தன் ஆடுகளின் நடுவே நின்றுகொண்டிருந்தான். ஒவ்வொன்றின் தலையையும் தடவினான். பிறகு தானாகவே பிரிக்க ஆரம்பித்தான். கறக்கிறவற்றைக் கொல்லைப் பக்கம் ஓட்டினான். இளசுகளை மலைக்காரரிடம் தானே கொண்டுபோய் விட்டான். மிச்சத்தை ஏரிக்கரைக்கு ஓட்டிப்போனான். போன இடங்களில் எல்லாம் அரைநாள் உட்கார்ந்து, எங்கே மேய்க்கிறீர்கள், தண்ணீர் எங்கே, மழைக்கு எங்கே அடைக்கிறீர்கள் என்று கேட்டான். மலைக்காரர் முறைத்தார். "உம் பொண்டாட்டியே தேவலாம்போல இருக்கே" என்றார். ஆனால் எழுந்து எல்லாவற்றையும் காட்டினார்.

அந்த மழைக்காலத்தில் ஏரிக்கரைப் பட்டியில் கழிச்சல் வந்தது. பலருக்கு நஷ்டம், சடையனுக்கும் நஷ்டம். மலையில் இருந்தவை தப்பின. கொல்லையில் இருந்தவை பால் கொடுத்தன. தை பிறந்தது. மருதாயிக்குக் கல்யாணம் நடந்தது. ஊர் மூக்கில் விரல் வைக்கும்படி ஒன்றும் இல்லை. வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள், பூவாயியும் சடையனும் யாரிடமும் எதையும் கேட்டு வாங்காமல் பெண்ணை அனுப்பினார்கள். அனுப்பிய பிறகும் அந்த இரண்டு பேருக்கு முதுமைக்கென்று ஆடுகள் மிச்சம் நின்றன. அவற்றை மட்டும் பூவாயி, அம்மன் மன்னிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

இந்தக் கதை சொல்கிற நீதி இதுதான், கண்ணுகளா: பாடுபட்டுச் சேர்த்ததை யாரிடமும் ஒப்படைக்கும் முன் அது எங்கே வளர்கிறது, எப்படி வளர்கிறது என்று கேட்டுக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்துகொண்ட பிறகும் எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுக்கக் கூடாது.